செம்பு ஏறின மண்ணில் நாற்று எப்படித் தாங்குது?

காந்தல் பக்கம் பழைய தேயிலைக் காட்டையோ உருளைக்கிழங்கு நிலத்தையோ இயற்கை வழிக்குத் திருப்ப நினைக்கிறவங்க முதல்ல கேட்பது பூச்சிமருந்து மிச்சத்தைப் பற்றித்தான். செம்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தென்னிந்தியத் தேயிலைக்கு 1946-ல் கொப்புள நோய் வந்ததிலிருந்து செம்பு மருந்துதான் அதற்குப் பெரிய காவல். உருளைக்கிழங்குக் கருகலுக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை. பூச்சிமருந்து பலதும் நாளாவட்டத்தில் சிதையும். செம்பு தனிமம், சிதையாது; மேல்மண்ணிலேயே தங்கிவிடும்.

நம்ம மலை மண் புளிப்பு. புளிப்பு ஏற ஏற செம்பு கரைந்து வேருக்கு எளிதாகக் கிடைக்கும். அளவு மீறினால் வேர்நுனி தடித்துப் பழுப்பாகும், பக்கவேர் குறையும், இளந்தளிர் வெளுக்கும். ஆனாலும் சில மரக்கன்று தாக்குப்பிடிக்கும்.

முதல் காவல் வேரின் செல்சுவர். அதிலுள்ள பெக்டின் உலோகத்தைப் பிடித்து நிறுத்தும். தப்பி உள்ளே போனதைக் கந்தகம் நிறைந்த பைட்டோகெலேட்டின் போன்ற சிறு மூலக்கூறுகள் கட்டிப்போடும். செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பைதான் சிறை. இதனால் பெரும்பகுதி வேரிலேயே நிற்கும், இலைக்குக் கொஞ்சம்தான் ஏறும். கற்பூர மரம், பைன் கன்றுகளுக்கு வேரைப் போர்த்தும் பூஞ்சையும் துணை. பூஞ்சை இழையே உலோகத்தைத் தேக்கிக்கொள்ளும். தேயிலை வேற ரகம்: அலுமினியத்தை வேரில் நிறுத்தாமல் இலைக்கு ஏற்றி, முற்றிய இலையில் பத்திரப்படுத்துது. நாம கிள்ளும் கொழுந்தில் அது மிகக் குறைவு.

இங்கேதான் பலர் ஏமாறுறாங்க. கன்று பச்சையாக நிற்பதால் மண் சுத்தம்னு அர்த்தமில்லை. செம்பு வேரிலேயே நிற்பதால், மரத்தை வெட்டி எடுத்தாலும் மண்ணிலிருந்து பெரிதாகக் குறையாது.

அதனால் நடவுக்கு முன்னாடி மண்ணின் கார அமில நிலையையும் செம்பையும் சேர்த்துச் சோதிங்க. நன்கு மக்கிய எரு செம்பைப் பிடித்துவைக்கும், தாராளமாகப் போடுங்க. காய்கறிப் பாத்திக்கு டோலமைட் இட்டுப் புளிப்பைக் குறைக்கலாம். தேயிலைக்கு அந்தப் புளிப்பு வேணும், அங்கே வேண்டாம். கன்றைச் சுத்தமான மண்ணில் பையில் வளர்த்து, வேர் திரண்ட பிறகு நடுங்க. அதே இன மரம் உங்க நிலத்தில் நல்லா நின்றால், அதன் அடிமண் ஒரு பிடி பையில் சேருங்க, பூஞ்சை கூடவே வரும்.

இயற்கைச் சான்றிதழ் விதிகளும் செம்பை முழுசாகத் தடுக்கலை. ஐரோப்பாவில் 7 ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ வரை அனுமதி. என்னைக் கேட்டால் நம்ம மண்ணுக்கு அது ரொம்ப அதிகம். போர்டோ கலவை தெளிக்கிறவங்க எவ்வளவு போச்சுன்னு வருஷாவருஷம் எழுதி வையுங்க.