பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு டயர் மாத்தப்போறீங்களா? இந்த நம்பர்களை முதல்ல பாருங்க!

1989-ல் அறிமுகமான மாஸ்டா மியாட்டாவின் ஒரிஜினல் டயர் அளவு 185/60 ஆர் 14. இன்று 14 இன்ச்சில் ஸ்போர்ட்ஸ் டயர்கள் குறைவு என்பதால், பலரும் 15 இன்ச் வீலுக்கு மாறுகிறார்கள். சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது.

185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனா இது மில்லிமீட்டர் இல்லை, அகலத்தில் 60 சதவீதம். அதாவது 111 மி.மீ. 14 என்பது இன்ச்சில் வீலின் விட்டம். மேல், கீழ் பக்கச்சுவரையும் வீலையும் கூட்டினால், டயரின் மொத்த உயரம் சுமார் 578 மி.மீ.

195/50 ஆர் 15 போட்டால் 576 மி.மீ. கிட்டத்தட்ட அதே உயரம். 195/55 ஆர் 15 போட்டால்? 595-ஐத் தாண்டிடும். 50-க்கு பதில் 55, அவ்வளவுதானே என்று தோணும். ஆனால் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது, கார் 103-ல் போகும். பிக்கப் குறையும். வீல் ஆர்ச்சில் உரசவும் வாய்ப்பு உண்டு.

அளவு சரியா இருந்தாலும் டயரின் வயசையும் பாருங்க. எப்போதாவது எடுக்கும் காரில், பட்டன் தேயாமலே ரப்பர் இறுகிடும். மழையில் பிரேக் அடித்தால் வழுக்கும். பக்கச்சுவரில் உள்ள டாட் குறியீட்டின் கடைசி 4 எண்கள் 2319 என்றால், அது 2019-ன் 23-வது வாரத்தில் தயாரான டயர்.