டிஸ்க் ‘பாஸ்’ என்று சொன்னாலும் பதறுங்கள்!

உபுண்டுவில் ‘டிஸ்க்ஸ்’ என்றொரு சின்னச் செயலி கூடவே வருகிறது. அதைத் திறந்து, ஹார்ட் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் ‘ஸ்மார்ட் டேட்டா’வைத் தட்டினால் டிஸ்க்கின் உடல்நிலை தெரியும். கெடத் தொடங்கிவிட்ட டிஸ்க்காக இருந்தால் அங்கே இப்படி ஒரு வரியைப் பார்க்கலாம்: ‘டிஸ்க் ஈஸ் ஓகே, 24 பேட் செக்டர்ஸ்’. நன்றாக இருக்கிறதாம், ஆனால் 24 செக்டர் கெட்டுப்போயிருக்கிறதாம். பார்ப்பவர் கண்ணில் ‘ஓகே’ மட்டும்தான் விழுகிறது. நிம்மதியாக ஜன்னலை மூடிவிடுகிறார். சில வாரம் கழித்து மெஷின் பூட் ஆகவில்லை என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடுகிறார்.

டெர்மினலில் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையைக் கொடுத்துக் கேட்டாலும் இதே கதைதான். பக்கம் பக்கமாக விவரம் கொட்டும். அதில் எல்லோரும் தேடுவது ‘பாஸ்டு’ என்ற ஒரே சொல்லை. அந்தச் சொல் எப்படி வருகிறது? டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் கன்ட்ரோலர் தன் பிழைகளைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ என்ற ஏற்பாடு 1990-களின் நடுவில் பரவலானது. ஒவ்வோர் அம்சத்துக்கும் நூறிலிருந்தோ இருநூறிலிருந்தோ கீழே இறங்கும் ஒரு மதிப்பெண் உண்டு. முக்கியமான அம்சம் ஒன்றில், தயாரித்தவர் வைத்த எல்லைக்கோடுவரை அது இறங்கினால்தான் ‘ஃபெயில்’. அதுவரைக்கும் பாஸ். நூற்றுக்கு நூறு வாங்கிய மாணவனுக்கும் முப்பத்தைந்தில் தப்பித்தவனுக்கும் அதே ஒரு சொல்தான்.

இதைவிட மோசமான விஷயம் ஒன்று இருக்கிறது. 197 என்ற எண்ணில் வரும் அம்சம், டிஸ்க் படிக்க முடியாமல் நிலுவையில் போட்டிருக்கும் செக்டர்களின் கணக்கு. உங்கள் ஃபைல் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. பல டிஸ்க்குகளில் இந்த அம்சத்துக்கு வைத்திருக்கும் எல்லைக்கோடு பூஜ்யம். அதாவது, நிலுவை எத்தனை ஏறினாலும் அந்தக் கணக்கில் டிஸ்க் ஃபெயில் ஆகவே ஆகாது.

ஆகவே தீர்ப்பை விட்டுவிட்டு, பட்டியலில் வலது ஓரத்தில் இருக்கும் ‘ரா வேல்யூ’ வரிசைக்குப் போக வேண்டும். அங்கே ஐந்தாம் எண்ணுக்கு நேரே இருப்பது, கெட்டுப்போனதால் கைவிட்டு உதிரி இடத்துக்கு மாற்றப்பட்ட செக்டர்கள். 187-ல் திருத்த முடியாமல் போன பிழைகள். 197-ஐச் சொல்லிவிட்டேன். 198, டிஸ்க் தன்னைச் சோதித்துக்கொள்ளும்போது படிக்க முடியாமல் கண்டுபிடித்தவை. இவை பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யத்தைத் தாண்டிவிட்டால் கவலைப்படத் தொடங்க வேண்டும். வாரா வாரம் ஏறினால் டிஸ்க்கின் கதை முடிந்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் மெக்கானிக் பேச்சு இல்லை. ஆயிரக்கணக்கான டிஸ்க்குகளை ஓட்டி, மற்றவர்களின் ஃபைல்களைச் சேமித்துக் கொடுக்கும் அமெரிக்க நிறுவனம் ஒன்று 2016-ல் தன் கணக்கை வெளியிட்டது. மேலே சொன்ன நான்கோடு 188-ஐயும் சேர்த்து ஐந்து அம்சங்களை எடுத்துக்கொண்டார்கள். செயலிழந்த டிஸ்க்குகளில் 76.7 சதவீதத்தில் இந்த ஐந்தில் ஒன்றாவது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தது. நல்லபடியாக ஓடிக்கொண்டிருந்தவற்றில் அப்படி இருந்தது 4.2 சதவீதம்தான். அதற்கு முன்பே, 2007-ல், ஒரு தேடுபொறி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து இன்னொன்றைச் சொன்னார்கள். பரப்பைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் அந்த டிஸ்க் சாகும் வாய்ப்பு, பிழையே இல்லாததைவிட 39 மடங்கு. அதே ஆய்வில், செத்தவற்றில் 36 சதவீதம் எந்த அறிகுறியும் காட்டவில்லை என்றும் இருக்கிறது. அதைக் காட்டி ஸ்மார்ட்டே வீண் என்று வாதிடுபவர்கள் உண்டு. சொல்லாமல் சாகிறவை இருக்கின்றன என்பதற்காக, சொல்லிவிட்டுச் சாகிறவற்றையும் கவனிக்காமல் விடுவதில் என்ன நியாயம்?

இந்த எண்களை லினக்ஸில் படிக்க உதவும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் தொகுப்பு பிறந்ததும் இந்தக் கவலையில்தான். ஈர்ப்பலைகளைத் தேடும் ஆய்வுக்காக நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களை இணைத்து வைத்திருந்த இயற்பியலாளர் ஒருவர், எந்த டிஸ்க் எப்போது போகும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள 2002-ல் இதைத் தொடங்கினார். இன்று இலவசமாக எவரும் பயன்படுத்தலாம்.

வீண் பீதியும் வேண்டாம். சில தயாரிப்புகளில் ஒன்றாம் எண்ணுக்கும் ஏழாம் எண்ணுக்கும் நேரே கோடிக்கணக்கில் எண் நிற்கும். அது அந்த நிறுவனம் கணக்கு எழுதும் விதம், டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. 199 ஏறுகிறதா? பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். கேபிளை மாற்றிவிட்டு எண் மேலும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறிய எண் திரும்ப இறங்காது, நின்றுவிட்டால் போதும். நல்ல டிஸ்க்கைக் கெட்டது என்று தூக்கிப்போட்டவர்கள் ஏராளம். யுஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் பதிலே சொல்லவில்லை என்றால், ‘சாட்’ என்ற டிவைஸ் வகையைக் கட்டளையில் சேர்த்துக் கேட்டால் பெரும்பாலும் வாய் திறக்கும். ஒன்பதாம் எண் டிஸ்க் ஓடிய மணி நேரம். அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய டிஸ்க்குகளின் இந்தக் கணக்கைப் பூஜ்யமாக்கி, புதியவை என்று விற்றது வெளியே வந்தது. டிஸ்க்குக்குள் தனியாக இருந்த இன்னொரு பதிவுதான் காட்டிக்கொடுத்தது. ஸ்மார்ட்சிடிஎல்லின் புதிய பதிப்புகள் அந்தப் பதிவையும் படிக்கும்.

எண்களைப் பார்க்காதவருக்கும் லினக்ஸ் வேறு வழிகளில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு ஃபோல்டரைத் திறந்ததும் மெஷின் அரை நிமிடம் உறைந்து, பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். கெட்ட செக்டரில் டிஸ்க் விடாமல் முட்டிக்கொண்டிருக்கிறது. கெர்னல் வழக்கமாக 30 விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு இணைப்பை மறுபடி தொடங்குகிறது. அந்த அரை நிமிடம் அதுதான். கெர்னல் லாகைத் திறந்தால் ‘ஐ/ஓ எரர்’ வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், செக்டர் எண்ணோடு. ஒருநாள் எந்த ஃபைலையும் சேமிக்க முடியாது. ‘ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்’ என்று வரும். டெபியன், உபுண்டு வகைகளில், பிழை கண்டால் மேற்கொண்டு எழுதாமல் தன்னைப் பூட்டிக்கொள்ளும்படி ஏற்பாடு இருக்கிறது. நம்மவர்கள் செய்வது என்ன? ரீஸ்டார்ட். பின்னணியில் ஓடும் ஸ்மார்ட்டி சேவையோ தன் எச்சரிக்கையை ‘ரூட்’ கணக்குக்கு மெயிலாகப் போடுகிறது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த மெயிலை யாரும் திறந்து பார்ப்பதில்லை. பல மெஷின்களில் மெயில் போய்ச் சேரவே வழி கிடையாது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அறிகுறி தெரிந்த பிறகு நாம் காட்டும் அவசரம்தான் என்னை நிஜமாகவே பயமுறுத்துகிறது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாடிப்படிக்குக் கீழே, ஒரு மேசை அளவே உள்ள கடையில் அதைக் கண்ணால் பார்த்தேன். வந்தவர் பள்ளி ஆசிரியை. கையில், மகன் பிளஸ் டூ படித்தபோது இலவசமாகக் கிடைத்த லேப்டாப். மெக்கானிக் இளைஞர், விண்டோஸை எழுப்பவே இல்லை. உபுண்டு இருக்கும் பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து பூட் செய்து, பட்டியலை வரவழைத்தார். மேலே ‘பாஸ்டு’. ஐந்துக்கு நேரே 8. 197-க்கு நேரே 112.

“பக்கத்துக் கடையில ஃபார்மட் பண்ணா சரியாயிடும்னாங்களே தம்பி?”

“ஃபார்மட் பண்ணா சரியாயிடுச்சுன்னுதான் காட்டும் மேடம். உள்ள இருக்கறதெல்லாம் போயிடும். இதுல இப்ப ஒண்ணுமே எழுதக் கூடாது. மொதல்ல காப்பி எடுத்துக்கலாம். ரிப்பேரைப் பத்தி அப்புறமா பேசலாம்.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. நிலுவையில் இருக்கும் செக்டரின் மேல் புதிதாக எதையாவது எழுதினால், டிஸ்க் அதை ஏற்றுக்கொள்ளும் அல்லது உதிரி இடத்துக்கு மாற்றிவிடும். இரண்டில் எது நடந்தாலும் நிலுவைக் கணக்கிலிருந்து அந்த செக்டர் கழிந்துவிடும். முழுக்க எழுதும் ஃபார்மட் செய்தால் 112 பூஜ்யமாகக்கூட ஆகிவிடும். கடைக்காரர் திரையைத் திருப்பிக் காட்டி ‘பாருங்க, சரியாயிடுச்சு’ என்பார். பொய் சொல்கிறார் என்றும் சொல்ல முடியாது, எண் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அந்த இடங்களில் இருந்தது கல்யாண வீடியோவோ பத்து வருடக் கேள்வித்தாள்களோ, இனி எந்தக் கருவியாலும் வராது.

ஃபார்மட் என்றால் பலரும் கொஞ்சம் யோசிக்கிறார்கள். எஃப்எஸ்சிகே என்றால் யோசிப்பதே இல்லை. லினக்ஸ் தெரிந்தவர்களே விழும் குழி இது. ஃபைல் சிஸ்டம் பிழை என்று செய்தி வந்ததும் கை தானாக அதை ஓட்டுகிறது. கேட்கிற ஒவ்வொரு கேள்விக்கும் ‘எஸ்’ கொடுக்கிறது. எஃப்எஸ்சிகே நல்ல டிஸ்க்கில் ஏற்பட்ட குழப்பத்தைச் சீர்செய்ய எழுதப்பட்டது. டிஸ்க்கின் தட்டே கெட்டுக்கொண்டிருக்கும்போது அது ஃபோல்டர் பட்டியலைப் படிக்க முடியாமல், பாதியைக் கழற்றி, மீதியை ‘லாஸ்ட் ஃபவுண்ட்’ ஃபோல்டரில் பெயரில்லாத எண்களாகக் கொட்டும். சாகப்போகும் டிஸ்க்கில் எழுதவும் செய்யும். விண்டோஸின் செக்டிஸ்க்கும் இதே ஆபத்துதான், அது பூட் ஆகும்போது தானாகவே தொடங்கிவிடுவதும் உண்டு. ரிச்சி ஸ்ட்ரீட் இளைஞர் விண்டோஸை எழுப்பாததன் காரணம் அதுதான். கெட்ட செக்டர்களைத் தேடும் பேட்பிளாக்ஸ் கட்டளையை எழுதிப் பார்க்கும் முறையில் ஓட்டினால் மொத்தமும் காலி. ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் ஓடும் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெளியே எடுத்ததும் உள்ளே வியர்க்கும் ஈரம் தட்டைப் பாழாக்கும்.

நோய் என்னவென்று தீர்க்கமாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசைகூட இந்த நேரத்தில் ஆகாது. டிஸ்க்கின் நீண்ட சுயசோதனை, நல்ல நிலையில் உள்ள ஒரு டெராபைட் டிஸ்க்கிலேயே சில மணி நேரம் எடுக்கும். நலிந்த டிஸ்க்கை அவ்வளவு நேரம் ஓட்டி, ‘ஆமாம், கெட்டுவிட்டது’ என்ற தகவலை வாங்கி என்ன செய்வது? அந்த மணி நேரங்களைக் காப்பிக்குச் செலவிடுங்கள். சோதனையெல்லாம் காப்பி கையில் வந்த பிறகு.

காப்பிக்கு லினக்ஸில் இருக்கும் கருவி டிடிரெஸ்க்யூ. சாதாரணக் காப்பிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், இது கெட்ட இடத்தில் நின்று மல்லுக்கட்டாது. முதல் சுற்றில் சுலபமாக வருவதையெல்லாம் வாரிக்கொள்ளும். தகராறு செய்யும் இடங்களைக் குறித்துவைத்துத் தாண்டிப் போகும். அப்புறம் திரும்பி வந்து ஓரங்களைச் செதுக்கும், கடைசியில்தான் செக்டர் செக்டராக முயலும். முதல் சுற்று முடிவதற்குள் டிஸ்க் செத்தாலும் பெரும்பகுதி கைக்கு வந்திருக்கும். குறிப்பெல்லாம் ஒரு மேப் ஃபைலில் இருக்கும். அதை ஒருபோதும் கெட்ட டிஸ்க்கில் வைக்காதீர்கள். லைவ் பென் டிரைவின் தற்காலிக நினைவகத்திலும் வைக்காதீர்கள், கரன்ட் போனால் அதுவும் போகும். மேப் ஃபைல் இருந்தால், நடுவில் நிறுத்திவிட்டு நாளைக்கு விட்ட இடத்திலிருந்து தொடரலாம். காப்பி போகும் டிஸ்க், மூலத்தின் அளவோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். கட்டளையில் எது மூலம், எது இலக்கு என்பதை இரண்டு முறை பாருங்கள். மாற்றிக் கொடுத்தால் காலி டிஸ்க் உங்கள் படங்களின் மேல் எழுதப்படும்.

பிறகு எஃப்எஸ்சிகேயோ, ஃபைல்களை மீட்கும் ஃபோட்டோரெக்கோ, எதுவானாலும் அந்தக் காப்பியில் ஓட்டலாம். காப்பியையும் இன்னொரு காப்பி எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. கடைசிவரை வராத இடங்களில் எந்த ஃபைல் இருந்தது என்று தெரிந்துகொள்ளவும் வழி உண்டு. டிடிரெஸ்க்யூவின் நிரப்பும் முறையில், காப்பியில் காலியாக நின்ற இடங்களை உங்களுக்கு மட்டுமே தெரிந்த ஒரு சொற்றொடரால் நிரப்பச் சொல்லி, ஃபைல்களுக்குள் அந்தச் சொற்றொடரைத் தேடினால் போதும். அது எந்த ஃபைலில் அகப்படுகிறதோ அது சிதைந்தது. ஆசிரியையின் டிஸ்க்கில் அப்படிச் சிக்கியவை ஒரு வீடியோவும் சில பாடக்குறிப்புகளும். மற்றதெல்லாம் வந்துவிட்டது.

ஒரே ஒரு நிலையில் டிடிரெஸ்க்யூவும் வேண்டாம். டிஸ்க்கிலிருந்து ‘டக்... டக்...’ என்று சீராகத் தட்டும் சத்தம் வந்தால், படிக்கும் ஹெட் தன் இடத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுகிறது என்று அர்த்தம். சுழலும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில நானோமீட்டர்தான். அந்த நிலையில் ஓடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டு கீறப்படலாம். உடனே பவரை நிறுத்துங்கள். மூடியைத் திறந்து பார்க்கும் ஆர்வத்தை அடக்குங்கள், அறைத் தூசு ஒன்று விழுந்தாலே போதும். தூசில்லா அறை வைத்திருக்கும் மீட்பு மையங்கள் பெருநகரங்களில் இருக்கின்றன. செலவு பல நேரம் புது லேப்டாப் விலையைத் தொடும். உள்ளே இருப்பது அந்தப் பணத்துக்குத் தகுமா என்பதை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகப் பேசி முடிவெடுங்கள். முடிவெடுக்கும்வரை ‘இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே’ என்று யார் சொன்னாலும் அந்த டிஸ்க்குக்குக் கரன்ட் கொடுக்காதீர்கள்.