சமிபாட்டுக் குளிசையும் பேசாத பிள்ளையும்

கனடாவிலிருந்து வந்த பொதியில் ஒரு போத்தலும் இருக்கிறது. "ஓட்டிசத்துக்கு நல்லது, இயற்கையானது, பிள்ளை கதைக்கும்" என்கிறார் அனுப்பிய உறவினர். கொடுத்த சில நாளில் பிள்ளை நித்திரையின்றிக் கத்துகிறது, கையைக் கடிக்கிறது. "நஞ்சு வெளியேறுது, நிறுத்தாதேங்கோ" என்று பதில் வருகிறது. வன்னியில் ஒரு தாய் என்ன செய்வது?

போத்தலில் இருப்பது சமிபாட்டு நொதியம். இறைச்சி மெதுவாக வேகப் போடும் பப்பாசிக்காயில் உள்ளதும் ஒரு நொதியமே, புரதத்தை உடைக்கும். கோதுமை, பால் புரதங்கள் சரியாகச் சமிக்காமல் மூளையைக் குழப்புகின்றன என்பது விற்பவர்களின் வாதம். 2010இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வில் 3 முதல் 8 வயதான 43 பிள்ளைகளுக்கு நொதியமும் போலி மருந்தும் மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. நடத்தையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

இதற்கு முன், சதையியைத் தூண்டும் செக்ரெற்றின் என்ற ஓமோனுக்கும் இப்படியே பெயர் வந்தது. 1999இல் அமெரிக்காவில் 60 பிள்ளைகளிடம் சோதித்தபோது, உப்புநீர் ஊசி பெற்றவர்களை விட அது எதையும் கூடுதலாகச் செய்யவில்லை. முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதமான பெற்றோர் அந்த மருந்தில் ஆர்வமாகவே இருந்தனர். அவர்களைக் குறைசொல்ல மனம் வரவில்லை.

ஆனால் அந்தக் கத்தலை 'நஞ்சு இறங்குவதாக' எடுக்கவேண்டாம். கதைக்கத் தெரியாத பிள்ளை வயிற்றுவலியையும் மலச்சிக்கலையும் கடித்தும் தலையை இடித்துமே காட்டும். குளிசையை நிறுத்தி, போத்தலோடு வைத்தியரிடம் காட்டுங்கள். எந்தத் திகதியில் எவ்வளவு கொடுத்தீர்கள், பிறகு என்ன நடந்தது என்பதைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். பேச்சுப் பயிற்சி பற்றியும் அன்றே கேளுங்கள். போத்தல் முடியும்வரை அதைத் தள்ளிப்போடவேண்டாம்.