வாய்ச் சளிச்சவ்வடி நார்த்திசு நோயும் பாக்கும்
காரம் பட்டால் எரிச்சல் எனத் தொடங்கி, கன்னத்தின் உட்சவ்வு இறுகி, வாய் திறக்க இயலாநிலைக்கு இட்டுச்செல்வது சளிச்சவ்வடி நார்த்திசு நோயாகும். 1952இல் ஷ்வார்ட்ஸ், கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐவரிடம் இதனைக் கண்டு பதிவுசெய்தார்.

பாக்கிலுள்ள அரிக்கோலின், கொலாஜன் புரத உற்பத்தியைத் தூண்டுகிறது. பாக்கில் மிகுந்துள்ள செம்பு, அவ்விழைகளைப் பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் நொதியின் செயலை உயர்த்துகிறது. பிணைந்த இழைகள் எளிதில் சிதைவதில்லை. எனவே பழக்கத்தைக் கைவிட்ட பின்னரும் இறுக்கம் பெரும்பாலும் நீங்குவதில்லை. அறுவை சிகிச்சையால் நார்ப்பட்டைகளை அகற்றினாலும், தொடர்ந்த வாய்ப்பயிற்சி இன்றேல் இறுக்கம் மீளக்கூடும்.

இந்நோய் புற்றாக மாறும் வாய்ப்புடையது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2004இல் வெளியிட்ட தொகுதியில், புகையிலை கலவாத பாக்கையும் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியுள்ளது. ஆகவே, நோயாளியிடம் புகையிலைப் பழக்கத்தோடு பாக்குப் பழக்கத்தையும் தனியே வினவுதல் இன்றியமையாதது.