வயித்துப்போக்கா? கண்ட மாத்திரையைப் போட்டு நல்ல கிருமியைக் கொல்லாதீங்க!

பெரம்பலூர்:
காட்டு வேலைக்கோ, அரியலூர் பக்கம் சிமெண்ட் ஆலை வேலைக்கோ போகிறவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் அன்றைய கூலி போச்சு. உடனே மெடிக்கல் கடைக்கு ஓடி, "சட்டுனு நிக்கிற மாதிரி ரெண்டு மாத்திரை குடுங்க" என்று கேட்பவர்கள் பலர். இங்கேதான் வினையே!

ஒரு மனிதரின் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன. பெரும்பகுதி குடியிருப்பது பெருங்குடலில். இவை எதிரிகள் அல்ல, சம்பளம் கேட்காத வேலையாட்கள்!

சோறு, கீரை, பயறில் சிறுகுடலில் செரிக்காத மிச்சம் பெருங்குடலுக்கு வரும். அதைப் பாக்டீரியாக்கள் புளிக்க வைத்து ஒருவகை அமிலமாக மாற்றும். அந்த அமிலம்தான் குடல் சுவருக்குச் சாப்பாடு. வீணாகப் போகும் உப்பையும் தண்ணீரையும் குடல் திரும்ப உறிஞ்சவும் அது உதவும்.

இதை நிரூபித்தவர்கள் நம்ம வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி டாக்டர்கள். டாக்டர் பி.எஸ்.ராமகிருஷ்ணா குழுவினர் காலரா நோயாளிகள் 48 பேரிடம் ஆய்வு நடத்தினர். ஒரு பிரிவினருக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலோடு, எளிதில் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்தும் தரப்பட்டது. அவர்களுக்கு வயிற்றுப்போக்கு சீக்கிரமே நின்றது. 2000-ம் ஆண்டு அமெரிக்க மருத்துவ இதழில் இது வெளியானது.

பெரம்பலூரில் விளைகிற மக்காச்சோளமா என்று கேட்காதீர்கள். அது தனி ரகம். வீட்டில் மாவைக் கரைத்துக் குடிக்கக் கூடாது.

வயிற்றுப்போக்கு பல நேரம் வைரசால் வருவது. ஆன்டிபயாடிக் மாத்திரைக்கு வைரஸ் சாகாது. சாவது நல்ல பாக்டீரியாதான். மாத்திரையாலேயே வயிற்றுப்போக்கு வருவதும் உண்டு.

என்ன செய்யலாம்?

* ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் என்றால் ஒன்றை 1 லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவும். 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருவார்கள்.

* குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. ஜிங்க் மாத்திரையையும் டாக்டரிடம் கேட்டு வாங்கவும்.

* மலத்தில் ரத்தம், கண் குழி விழுதல், சிறுநீர் போகாமை, குழந்தை சோர்ந்து கிடத்தல்... இதில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள்.

வயிறு சரியான பிறகு மோர், கீரை, பயறு, சுத்தமான தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு சாப்பிடலாம். ஆறிய சோற்றில் செரிக்காத மாவுச்சத்து கூடும். நமக்கு அது பழையது, வயிற்றுக்குள் இருக்கும் வேலையாட்களுக்கோ விருந்து!