நன்னாரி என்றாலும் இரமுசு என்றாலும்

ஆனி, ஆடி மாதங்களில் ஊவா மலைச்சாரலில் வீசும் கச்சான் காற்றை அறிந்தவர்கள் அதன் வறட்சியை எளிதில் மறக்கமாட்டார்கள். மலைகளுக்கு மேற்கே அப்பொழுது மழை கொட்டித் தீர்க்கும். அந்த மழையையெல்லாம் அங்கேயே இழந்துவிட்டு வரும் காற்று, பண்டாரவளை, தெமோதர, ஹாலிஎல, பதுளை என்று சருகுகளை வாரிக்கொண்டு கீழே இறங்கும். தேயிலைக்கு இந்தக் காற்று நன்மையே செய்கிறது. ஊவாத் தேயிலையின் தனி மணம் இக்காலத்துக் கொழுந்திலேதான் பிறக்கிறது. ஆனால் அந்தக் கொழுந்தை எடுக்கும் பெண்களுக்கோ உதடு வெடிக்கும், நா வறளும், நீர் கடுக்கும். மாலையில் கூடையை இறக்கிவிட்டு லயத்துக்குத் திரும்பும் மகளிடம், “சாயத்தண்ணியை அப்புறம் குடிக்கலாம் ஆத்தா, முதலிலே இந்த வேர்த்தண்ணியைக் குடி” என்று வீட்டுப் பெரியவள் ஒரு செம்பை நீட்டுவாள்.

அந்தச் செம்பிலே மணப்பதுதான் நன்னாரி வேர். அயற்கிராமத்துச் சிங்கள மக்கள் அதனையே ‘இரமுசு’ என்பர். பெயர் இரண்டு, வேர் ஒன்று.

பல நாட்டுப் பாட்டிமார்

உலகத்தின் பல நாடுகளிலும் பாட்டிமார் நம்பி வந்த வேர் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் அந்த இடத்தைப் பெற்றது பர்டொக் என்னும் செடியின் வேர். அதன் காய்களில் வளைந்த முட்கள் இருக்கும். தம் நாயின் மயிரில் ஒட்டிக்கொண்ட அக்காய்களை ஆராய்ந்த சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் ஜோர்ஜ் டி மெஸ்திரால், 1941ஆம் ஆண்டில் பெற்ற எண்ணமே பின்னாளில் பையிலும் சப்பாத்திலும் நாம் காணும் ஒட்டுப்பட்டையாயிற்று. அச்செடியின் வேரை ‘இரத்தத்தைச் சுத்தி செய்யும்’ என்று சொல்லி ஐரோப்பியர் கஷாயமாகக் குடித்தனர். இங்கிலாந்தில் அதனைச் சேர்த்து இனிப்புப் பானமும் செய்தனர். யப்பானியரோ அதே வேரை ‘கோபோ’ என்று பெயரிட்டுக் காய்கறியாகவே கொண்டாடுகின்றனர். ஈர்க்குப்போல் மெல்லியதாகச் சீவி, நீரில் ஊறவைத்து, கரட்டும் சோயாச் சாறும் சேர்த்து வதக்கி உண்பர்.

மருந்தென்று தொடங்கி விருந்தென்று முடிந்த இந்த வேருக்கு நம் நாட்டுத் தோழி நன்னாரி எனலாம். சித்த வைத்தியர் இதனை உடற்சூட்டுக்கும் தாகத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் தோல் நோய்க்கும் வழங்கினர். ஆயுர்வேதத்தில் இதற்குச் சாரிபா என்றும் அனந்தமூலம் என்றும் பெயர். அனந்தமூலம் என்றால் முடிவில்லாத வேர். மதுரை நகரில் ஜிகர்தண்டாவுக்குச் சுவை கூட்டுவதும் நன்னாரிப் பாகே. மலையாள நாட்டில் இதனை நறுநீண்டி என்பர்.

தோட்டத் தமிழ் மக்களின் முன்னோர் கோப்பிக் காலத்திலும் பின்னர் தேயிலைக் காலத்திலும் தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். அந்த மாவட்டங்களின் புதர்நிலங்களில் நன்னாரி இயல்பாக வளர்வது. இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் இடைநிலைப் பகுதிகளிலும் அதே கொடி வளர்கிறது. கடல் கடந்து வந்தவர்களுக்கு இங்கே மொழி புதிது, மலை புதிது, குளிர் புதிது. இந்த வேரின் மணமோ பழையது. சிங்கள வெதமாத்தயாவும் தமிழ் நாட்டு வைத்தியரும் ஒரே வேரை முகர்ந்து, ஒரே குணத்தைச் சொல்லுவது வியப்புக்குரிய ஒற்றுமையன்றோ?

நன்னாரி ஆங்கில மருத்துவத்திலும் ஒருகாலத்தில் இடம்பெற்றிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த சார்சபரில்லா வேருக்குப் பதிலாக இதனைப் பயன்படுத்தலாம் என்று கருதி, 1864ஆம் ஆண்டில் வெளிவந்த பிரித்தானிய மருந்து நூலில் இதனைச் சேர்த்தார்கள். ‘இந்தியச் சார்சபரில்லா’ என்ற பெயர் இவ்வாறு வந்ததே.

நல்ல வேரை அறிவது எப்படி?

நன்னாரி, பிற செடிகளைச் சுற்றிப் படரும் மெல்லிய கொடி. இலைகள் எதிரெதிராக, இரண்டிரண்டாக அமைந்திருக்கும். கரும்பச்சை இலையின் நடுநரம்பை ஒட்டி வெண்ணிறக் கோடு ஓடுவதைக் காணலாம். இலையைக் கிள்ளினால் பால் வடியும். வேரின் மேற்பட்டை கருமை கலந்த பழுப்பு நிறமானது. ஆங்காங்கே குறுக்கே வெடித்திருக்கும். பட்டையை நகத்தால் கீறி முகர்ந்தால் வனிலா வாசனையை நினைவூட்டும் இனிய மணம் எழும். அது தற்செயலான ஒற்றுமையன்று. நன்னாரியின் மணப்பொருளும் வனிலாவின் மணப்பொருளும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. அடுக்கிய முறைதான் வேறு.

இலை, பால், மணம் ஆகிய மூன்றும் பொருந்தினாலன்றி எந்த வேரையும் அடுப்பில் ஏற்றலாகாது. நன்னாரி பிறந்த குடும்பத்திலேதான் எருக்கும் அலரியும் பிறந்திருக்கின்றன. மஞ்சள் அலரியின் விதை உயிரையே குடிக்கும் என்பதை இலங்கையில் அறியாதார் இல்லை. வேர் மாறினால் என்ன நேரும் என்பதற்கு மேல்நாட்டுச் சான்றும் உண்டு. கடையில் வாங்கிய பர்டொக் வேர்த் தேநீரைக் குடித்த ஒருவர் அட்ரோபின் என்னும் நஞ்சின் குணங்களோடு மருத்துவர்களிடம் வந்த செய்தியை, 1978ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகை ஒன்று வெளியிட்டது. பர்டொக்கில் அந்த நஞ்சு இல்லை. வேறொரு செடி கலந்ததே காரணம் எனக் கருதப்பட்டது.

ஆகவே பழகிய கை தோண்டித் தந்த வேரையோ, நம்பிக்கையான நாட்டு மருந்துக் கடை வேரையோ கொள்வதே முறை. தேயிலை நிரைகளின் ஓரத்தில் களைநாசினி தெளித்த நிலத்து வேரை ஒருபோதும் எடுக்கவேண்டாம்.

செய்யும் பாகம்

ஒரு லீற்றர் நீருக்கு 20 கிராம் அளவு காய்ந்த வேர் போதும். மண் போகக் கழுவி, அம்மியில் வைத்துத் தட்டுங்கள். மணமெல்லாம் மேற்பட்டையிலேயே இருக்கிறது; நடுவிலுள்ள வெளிறிய தண்டில் மணமில்லை. அதனை நீக்கிவிட்டால் கைப்பும் குறையும். பட்டையை ஒரு பாத்திரத்தில் இட்டு, கொதித்த நீரை ஊற்றி, உடனே மூடி, நான்கு மணி நேரம் ஊறவைத்து வடிகட்டுங்கள்.

பலர் வேரை நெடுநேரம் கொதிக்க விடுகின்றனர். நன்னாரியின் மணம் ஆவியோடு ஆவியாகப் பறந்துபோகும் இயல்புடையது. வீடெல்லாம் மணக்கும், செம்பிலே ஒன்றும் மிஞ்சாது! “மூடி வை, மூடி வை” என்று பாட்டி அதட்டியது வீணன்று. முற்கூறிய ஆங்கில மருந்து நூலும் மூடிய பாத்திரத்தில் ஊறவைக்கும்படியே சொல்லிற்று.

வடித்த நீரை வெறுமனே குடிக்கலாம். அல்லது ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கலாம். பாகாக வைக்க விரும்புவோர் சீனி சேர்த்துக் காய்ச்சி, ஆறியபின் போத்தலில் அடைத்து, வேண்டும்போது தேசிக்காய்ச் சாறும் குளிர்ந்த நீரும் சேர்த்து அருந்தலாம். ஆனால் பாகில் பெரும்பகுதி சீனிதான் என்பதை நீரிழிவு உள்ளவர்கள் மறவாதிருக்க வேண்டும்.

வேர் மட்டுமன்றி இலையும் உணவாகும். இரமுசு இலையை இடித்துச் சாறு பிழிந்து, சிவப்பரிசியும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் காய்ச்சும் இலைக்கஞ்சி சிங்களக் குடும்பங்களில் காலை ஆகாரம். வல்லாரைக் கஞ்சி காய்ச்சும் நம் இல்லத்தரசிகள் இதனையும் ஒருமுறை செய்து பார்க்கலாம்.

மருந்தின் எல்லை

இனிப் பாட்டியை வணங்கிவிட்டு ஓர் உண்மையையும் சொல்லவேண்டும். நன்னாரியின் குணங்களைப் பற்றி ஆய்வுக்கூடங்களிலும் எலிகளிடத்தும் பல சோதனைகள் நடந்துள்ளன. நம்பிக்கை தரும் முடிவுகளும் கிடைத்துள்ளன. மனிதரிடத்தே பெரிய அளவில் ஆராய்ந்து, இன்ன நோயைத் தீர்க்கும் என்று நிலைநாட்டியவை மிகக் குறைவு. இரத்தத்தைச் சுத்தி செய்யும் வேலையைச் சிறுநீரகமும் ஈரலும் இரவு பகலாகச் செய்துகொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய நீரை இனிய மணத்தோடு கொடுப்பது நன்னாரி. அவற்றின் வேலையைத் தானே ஏற்றுக்கொள்வதன்று.

தோட்டங்களில் இந்த எல்லையை அறியாமையால் வரும் கேடு சிறிதன்று. முகம் வெளிறி, மேடு ஏறும்போது மூச்சு வாங்கும் பெண்ணைப் பார்த்து, “இரத்தம் கெட்டிருக்கிறது, வேர்த்தண்ணி கொடு” என்று சொல்லிவிடுகிறோம். அவளுடைய இரத்தம் கெடவில்லை, குறைந்திருக்கிறது. அவளுக்கு வேண்டியது இரத்தப் பரிசோதனையும் இரும்புச் சத்தும். உணவோடு சேர்த்துக் குடிக்கும் சாயத்தண்ணி அந்தச் சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதையும் அறிதல் நன்று. அவ்வாறே நீர்க்கடுப்போடு காய்ச்சலும் முதுகுவலியும் கண்டால் செம்பை வைத்துவிட்டு வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கர்ப்பிணிகளும் நாள்தோறும் மாத்திரை உண்போரும் வைத்தியரைக் கேளாமல் இதனை மருந்தாகக் கொள்ளலாகாது.

முடிவில்லாத வேருக்கும் முடிவுண்டு

கீரையைக் கிள்ளினால் மறுபடி தளிர்க்கும். வேரைத் தோண்டினால் கொடியே போய்விடும். நன்னாரியின் அதே மணமுடைய மாகாளிக் கிழங்கு தென்னிந்தியக் காடுகளில் வளர்வது. ஊறுகாய்க்கும், நன்னாரிக்குப் பதிலான சர்பத்துக்கும் ஓயாமல் தோண்டியதனால் அது இன்று அழியும் அபாயத்திலுள்ள செடிகளுள் ஒன்றாகிவிட்டது. அனந்தமூலம் என்று பெயரிட்டதால் மட்டும் ஒரு வேர் முடிவில்லாததாகிவிடாது.

தோண்டுவோர் பக்கவேர்களை மட்டும் எடுத்து, தாய்வேரை மண்ணிட்டு மூடிவிடுவது நல்ல வழக்கம். அதனினும் நல்லது நட்டு வளர்ப்பது. லயத்து வாசலில் நிலம் குறைவாயினும் ஒரு பழைய உரச்சாக்கு போதும். மணல் கலந்த மண்ணில் வேர்த்துண்டையோ முற்றிய தண்டையோ ஊன்றி, பற்றிப் படர ஒரு கொம்பை நட்டுவிடுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு மேற் பொறுத்தால் மணமுள்ள வேர் கிடைக்கும். பதுளை மாவட்டத்திலேயே ஹல்துமுல்லையிலும் கிராந்துருகோட்டையிலும் ஆயுர்வேதத் திணைக்களத்தின் மூலிகைத் தோட்டங்கள் உள்ளன. பள்ளிச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் செடிகளை அங்கே நேரிற் கண்டு அடையாளம் படித்துக்கொள்ளலாம்.

மாணவச் செல்வங்களே, இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியை ஒரு மாலைப்பொழுது உட்காரவைத்து, அவர் அறிந்த மூலிகைகளைக் கேட்டு எழுதுங்கள். பக்கத்துக் கிராமத்துச் சிங்களத் தோழனிடம் அவற்றின் பெயர்களைக் கேட்டு அருகிலேயே குறித்துக்கொள்ளுங்கள். முதல் வரியில் நன்னாரி, இரமுசு என்று எழுதியதும் ஏட்டை மூடிவிடாதீர்கள். வாசலில் ஒரு சாக்கிலே அந்தக் கொடியை நட்டுவிட்டு, அடுத்த வரிக்குப் போங்கள்.