ஏறி இறங்கும் எண்ணெய் வரி: இடையில் தவிக்கும் சோயா விவசாயி

புது தில்லி: சமையல் எண்ணெய் மீதான அடிப்படை இறக்குமதி வரியை மத்திய அரசு 2024 செப்டம்பரில் ஒரே அறிவிக்கையில் 20 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. 2025 மே மாத இறுதியில், கச்சா எண்ணெய் வகைகளுக்கு மட்டும் அதில் பாதியைத் திரும்பப் பெற்றது. உயர்த்தியபோது விவசாயியின் நலனும், குறைத்தபோது நுகர்வோரின் நலனும் காரணமாகக் கூறப்பட்டன. இந்த எட்டரை மாதங்களில் சோயா விவசாயிக்கு எதிர்பார்த்த விலை கிடைக்கவில்லை; அடுப்படியில் எண்ணெய்ச் செலவு மட்டும் ஏறியது.

இறக்குமதி வரியை மாற்ற ஒவ்வொரு முறையும் நாடாளுமன்றத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. 1975-ஆம் ஆண்டின் சுங்கக் கட்டணச் சட்ட அட்டவணையில் உள்ள வீதத்துக்குக் குறைவாக வசூலிக்க, 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 25-ஆவது பிரிவின்கீழ் நிதி அமைச்சகத்துக்கு அதிகாரம் உண்டு. சலுகையைக் கொடுத்தால் வரி இறங்கும், எடுத்தால் ஏறும். மாலையில் வெளியாகும் அறிவிக்கை மறுநாளே துறைமுகங்களில் நடைமுறைக்கு வந்துவிடலாம். கிடங்கு, கொள்முதல், மானியம் என்று எதுவும் தேவைப்படாத இந்த வேகமே அரசுகளுக்கு இந்த ஆயுதத்தின் மீதுள்ள கவர்ச்சி.

2024 செப்டம்பர் 14 முதல் கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றுக்கு அடிப்படை வரி 20 சதவீதம் ஆனது. இத்துடன் வேளாண் உள்கட்டமைப்பு மேம்பாட்டு வரி 5 சதவீதமும், இவ்விரண்டின் கூட்டுத்தொகை மீது 10 சதவீத சமூக நலக் கூடுதல் வரியும் சேர, மொத்தச் சுமை 27.5 சதவீதம். சுத்திகரிக்கப்பட்ட எண்ணெய்க்கு 35.75 சதவீதம். 2025 மே மாதக் குறைப்புக்குப் பின் கச்சா எண்ணெயின் சுமை 16.5 சதவீதமாக இறங்கியது. செஸ், கூடுதல் வரி ஆகியவற்றின் வருவாயை மத்திய அரசு மாநிலங்களுடன் பகிர்ந்துகொள்ளத் தேவையில்லை என்பதும் இங்கே கவனிக்கத்தக்கது.

விலையைத் தீர்மானித்த புண்ணாக்கு

வரி உயர்ந்த நேரம் தற்செயலானதாகத் தெரியவில்லை. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் சோயா அறுவடை நெருங்கிக் கொண்டிருந்தது. குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.4,892 என அறிவிக்கப்பட்டிருக்க, சந்தை விலை அதற்கும் கீழே கிடந்தது. ரூ.6,000 கோரி மத்தியப் பிரதேச விவசாயிகள் போராட்டத்தில் இறங்கியிருந்தனர். மகாராஷ்டிர சட்டப்பேரவைத் தேர்தலுக்கு இரண்டு மாதங்களே இருந்தன.

ஆனால் சோயா, பெயருக்குத்தான் எண்ணெய் வித்து. 100 கிலோ சோயாவை ஆட்டினால் கிடைக்கும் எண்ணெய் 18 முதல் 20 கிலோ மட்டுமே. மீதியில் பெரும்பகுதி புண்ணாக்கு. கோழித் தீவனத்துக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் போவது. அந்தப் புண்ணாக்கின் விலை உலகச் சந்தையில் வீழ்ந்திருந்தது. போதாக்குறைக்கு, மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் எத்தனால் வடிக்கும் ஆலைகளில் மிஞ்சும் உலர்ந்த சக்கை, மலிவான தீவனமாக உள்நாட்டுச் சந்தையில் குவிந்தது. எண்ணெயின் விலையை வரி தூக்கியது. புண்ணாக்கின் விலையைத் தூக்க அதனால் இயலவில்லை. ஆலைகள் சோயாவுக்குக் கூடுதல் விலை தர முன்வரவில்லை. எத்தனாலை ஊக்குவித்ததும் எண்ணெய்க்கு வரி விதித்ததும் ஒரே மத்திய அரசுதான்.

நுகர்வோருக்கு நேர்ந்ததைப் புள்ளிவிவரமே சொல்லும். 2025 ஏப்ரலில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 3.16 சதவீதமாகத் தணிந்திருந்தபோது, எண்ணெய் மற்றும் கொழுப்பு வகைகளின் விலை உயர்வு 17 சதவீதத்தைத் தாண்டியது. நியாய விலைக் கடைகளில் லிட்டர் ரூ.25-க்குப் பாமாயில் வழங்கும் தமிழகம் போன்ற மாநிலத்துக்கு, இத்தகைய விலை உயர்வு மானியச் சுமையாக வந்து சேர்கிறது.

மாறிக்கொண்டே இருந்த வரி

நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. 2022-23 எண்ணெய் ஆண்டில் மட்டும் சுமார் 165 லட்சம் டன் வந்திறங்கியது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்தும், சோயா எண்ணெய் பெரும்பாலும் ஆர்ஜென்டீனா, பிரேசிலிலிருந்தும் வருகின்றன. எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1986-இல் தொடங்கப்பட்ட எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தின் பயனாக, 1990-களின் தொடக்கத்தில் இறக்குமதி மிகச் சொற்பமாகச் சுருங்கியிருந்தது. 1994-இல் 65 சதவீத வரியுடன் பாமாயில் இறக்குமதி திறந்துவிடப்பட்டது. சில ஆண்டுகளிலேயே வரி படிப்படியாகக் குறைக்கப்பட, இறக்குமதி பெருகியது.

அதன் பிறகு வரி ஒரு நிலையில் நின்றதில்லை. 2018 மார்ச்சில் கச்சா பாமாயிலுக்கு 44 சதவீதம். 2021 அக்டோபரில் அடிப்படை வரியே இல்லை. 2022-இல் உக்ரைன் போரும் இந்தோனேசியாவின் ஏற்றுமதித் தடையும் சேர்ந்து விலையை ஏற்றியபோது, சோயா, சூரியகாந்தி எண்ணெய்கள் ஆண்டுக்குத் தலா 20 லட்சம் டன் வீதம் இரண்டு நிதியாண்டுகளுக்கு வரியின்றி அனுமதிக்கப்பட்டன.

உயர்த்துவதற்கும் எல்லை உண்டு. உலக வர்த்தக அமைப்பில் இந்தியா ஒப்புக்கொண்ட உச்சவரம்பு பாமாயிலுக்கு 300 சதவீதம். சோயா எண்ணெய்க்கோ 45 சதவீதம்தான். ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்று விற்பனையாகும் சந்தையில், இரண்டில் குறைந்த வரம்பே நடைமுறையில் இரண்டையும் கட்டுப்படுத்துகிறது. போதாததற்கு நேபாள வழி வேறு. எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் இல்லாத அந்நாடு, கச்சா எண்ணெயை வரவழைத்துச் சுத்திகரித்து, தெற்காசிய தடையற்ற வர்த்தக ஒப்பந்தப்படி வரியின்றி இந்தியாவுக்கு அனுப்புகிறது. இந்தியா வரியை உயர்த்தும்போதெல்லாம் இந்த வணிகத்துக்கு லாபம் கூடுகிறது.

2025 மாற்றத்தில் தெளிவாகப் பயன் கண்டவர்கள் உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலையினர். கச்சா எண்ணெய்க்கும் சுத்திகரித்த எண்ணெய்க்கும் இடையிலான வரி வித்தியாசம் 8.25-லிருந்து 19.25 சதவீதமாக விரிந்ததால், வெளிநாட்டில் சுத்திகரித்த பாமாயிலைத் தருவிப்பது கட்டுப்படியாகாமல் போனது. ஆலைகளின் நெடுநாள் கோரிக்கை அது. விதை வாங்கி விதைப்பவருக்கு அதில் நேரடிப் பங்கில்லை.

எண்ணெய்ப் பனை கன்று காய்க்க ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஆகும். வரியை மட்டும் நம்பி எவரும் அதை நடமாட்டார்கள் என்பதை அரசே உணர்ந்திருக்க வேண்டும், 2021-இல் ரூ.11,040 கோடியில் அறிவிக்கப்பட்ட எண்ணெய்ப் பனை இயக்கத்தில், உலக விலை சரிந்தால் விவசாயிக்கு ஈடு செய்யும் ஏற்பாடும் சேர்க்கப்பட்டது. 2025 காரிஃப் பருவத்துக்கு ஆதரவு விலை ரூ.5,328 ஆக உயர்த்தப்பட்டும் சந்தை விலை எட்டாததால், இடைவெளித் தொகையை விவசாயியின் வங்கிக் கணக்கில் செலுத்தும் பாவாந்தர் திட்டத்தை மத்தியப் பிரதேச அரசு சோயாவுக்காக மீண்டும் கையில் எடுத்தது.